ஊமைத்துரைக்கு ஒரு கதைப்பாட்டு

கேள்வி: அரசாங்கம் தேடித் தேடி வேட்டையாடிய ஒரு குடும்பத்தைப் பற்றிக் கதைப்பாட்டு கட்டச் சொன்னால் யாரை எடுப்பீர்கள், எப்படிச் சொல்வீர்கள்?

பாஞ்சாலங்குறிச்சிக் குடும்பத்தைத்தான் எடுப்பேன். ஆனால் கட்டபொம்மனில் தொடங்க மாட்டேன். அவரை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டதோடு கதை முடிந்தது என்றுதான் பல பேர் நினைக்கிறோம், எனக்கு அங்கேதான் பாட்டே ஆரம்பம். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் கிடக்கிறார். 1801 பிப்ரவரியில் மாறுவேடத்தில் வந்த ஆட்கள் அவரை மீட்டுக்கொண்டு போகிறார்கள், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்) இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பிவிடுகிறார்கள், படையோடு வந்த வெள்ளைக்காரர்கள் சுவரைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள்.

ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்: வைக்கோல் துணுக்குகளை இடது உள்ளங்கையில் அடுக்கிக் காட்டுவாராம், அதுதான் ஆங்கிலேயப் படை, அப்புறம் வாயால் 'விர்ர்' என்று ஓர் ஒலி எழுப்பி மறு கையால் அத்தனையையும் வழித்துத் தள்ளுவாராம். அதுதான் தாக்கச் சொல்லும் உத்தரவு!

இதை எப்படிப் பாடுவது? தஞ்சாவூர்ப் பக்கம் காத்தவராயன் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. ஊமைத்துரையின் முறை வரும்போதெல்லாம் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், உடுக்கை மட்டும் பேச வேண்டும். அண்ணனுக்கு வசனம் எழுதிப் பழகிய நாம் தம்பி வாயிலும் நாலு வசனத்தைத் திணித்தால் அந்த மனிதரையே தொலைத்துவிடுவோம்.

பாட்டின் உயிர் நான் நினைக்கிற வரை ஒரு தாயிடம் இருக்கிறது. 1801 மே 24 அன்று கோட்டை விழுகிறது. பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி வருகிறாள் ஒருத்தி. மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அவன் தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான் (ஊமைத்துரையை அவர்கள் சாமி என்றுதான் சொல்வார்கள்). அவளும் பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, அம்மை போட்டு இறந்துவிட்டான் என்று சொல்ல, வந்தவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள். அந்த ஒப்பாரியைப் பொய் அழுகையாக யாரும் பாடிவிடக் கூடாது, அவளுக்கு அழ நிஜமாகவே ஒரு பிள்ளை இருந்தான். நான் எழுதிப் பார்த்த அடிகள்:

துணிக்குள்ள கெடக்குறது சாமியடி – எந்
தொண்டையில நிக்கிறது எம்புள்ளையடி
ஒருத்தன் பேரச் சொல்லி அழுகையில – அங்க
ஒருத்தன் தனியாக் கண் மூடுறான்டி

அங்கிருந்து அவர் சிவகங்கைச் சீமைக்கு, மருது சகோதரர்களிடம் போகிறார். பாட்டு எங்கள் காவிரிக்கு வருவதும் அப்போதுதான். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது, எல்லாச் சாதிக்காரர்களும் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்க்க வேண்டும் என்று. திருச்சிக்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாட்டில் இதை வேகமாகத் தப்படித்துச் சொல்ல வேண்டும், ஊர் ஊராகத் தண்டோரா போடுகிற மாதிரி.

முடிவை நீட்ட மாட்டேன். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும், நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியை 72 பேரோடு பினாங்குக்கு நாடு கடத்தியதை இதில் சேர்க்கவில்லை, அது தனிப் பாட்டாக வர வேண்டிய கதை. அவர்களைக் கப்பலேற்றிய ஊரான தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் யாராவது அதை எழுதினால் நான் உடுக்கையோடு வந்து பின்பாட்டுப் பாடத் தயார்.