எழுந்தால் கண் இருட்டுகிறது: இரைப்பைக் குறைப்பு சிகிச்சைக்குப் பின் 5ஆவது வாரம்

எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரத்தில், எழுந்தால் கண் இருட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் உங்கள் இரத்த அழுத்த மாத்திரைமீதுதான். சிகிச்சைக்கு முன்பு எழுதித் தந்த அதே அளவை இன்னும் சாப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். எடை இறங்கும்போது அழுத்தமும் இறங்கும். பழைய அளவு இப்போது உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால் தலைசுற்றல் கூடும். சுருங்கிய இரைப்பையில் தண்ணீர் மடக்கு மடக்காகத்தான் இறங்கும் என்பதால் நீர்ச்சத்தும் குறைந்திருக்கக்கூடும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றே ஒன்று செய்யுங்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்:

1. ஐந்து நிமிடம் படுத்திருந்து அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. எழுந்து நின்று 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10, அல்லது அதற்கும் அதிகமாகக் குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள்.

அந்த எண்களைச் சொல்லி மருத்துவரிடம் மாத்திரையின் அளவைக் குறைக்கக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

மலம் கறுத்துப் போனாலோ, மயங்கி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நிற்காமல், பார்வை இரட்டையாகி நடை தள்ளாடினாலும் அப்படித்தான்: அது வைட்டமின் பி1 குறைபாடாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி தேவையா என்று அங்கே கட்டாயம் கேளுங்கள்.