‘அழகியும் மிருகமும்’ கதையைக் கொங்குநாட்டு இட்டேரிக்குள் கொண்டுவர முடியுமா?

கேள்வி: மேலைநாட்டுத் தேவதைக் கதை ஒன்றை எடுத்து, சாபம், ஆவி எல்லாம் கலந்த இருண்ட காதல் தொடராக, நம் கொங்குப் பக்கத்தில் நடப்பதுபோல் எழுத ஆசை. எடுபடுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக எடுபடும். நான் காங்கேயம் பக்கத்துக்காரி. இப்படி ஒரு தொடரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அத்தியாயம் போன பிறகு மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது இது. அழிக்க வைத்தது என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கேட்ட ஒரு கேள்வி. அதற்கு முன்னால் மூலக்கதையை ஒருமுறை பார்த்துவிடுவோம். பலரும் படமாகப் பார்த்ததை வைத்தே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

‘அழகியும் மிருகமும்’ கதையை முதலில் நீளமாக எழுதியவர் வில்நவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1740-ல். அதைச் சுருக்கி 1756-ல் இன்னொரு பெண்மணி, போமோன், எழுதியதுதான் உலகம் முழுக்கப் பரவியது. கப்பல் சரக்கை இழந்து நொடித்துப்போன வியாபாரி, ரோஜாப்பூ மட்டும் போதும் என்று கேட்கும் கடைசி மகள், ஆள் இல்லாத மாளிகைத் தோட்டத்தில் அந்தப் பூவை அப்பா பறிப்பது, “உன் உயிர், இல்லையென்றால் உன் மகள்களில் ஒருத்தி” என்று மிருகம் வந்து நிற்பது. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

நாம் கவனிக்காமல் விடுவது அடுத்து வரும் பகுதியை. முதல் நாள் இரவு அவள் சாப்பிட உட்காரும்போது, பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று மிருகம் அனுமதி கேட்கிறது. இந்த வீட்டுக்கு நீதான் எஜமானி, நான் இருப்பது பிடிக்கவில்லை என்றால் போகச் சொல், போய்விடுகிறேன் என்கிறது. அப்புறம் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறது. அவள் மாட்டேன் என்கிறாள். அது பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மூன்று மாதம், ஒவ்வொரு இரவும், அதே கேள்வி, அதே பதில். கோரைப்பல்லும் நகமும் உள்ள ஒன்று, ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுந்து போகிறது. இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

என் முதல் தொடரில் அது இல்லை. நாயகன் சாபத்தால் ஒரு பாழடைந்த தொட்டிக்கட்டு வீட்டில் சிக்கிக் கிடக்கும் ஆத்மா. ராத்திரியானால் புலி உருவம். நாயகியைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டுப் பூட்டுவான். மிரட்டுவான். ஐந்தாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன் கண்கள் பிடித்துப்போய்விடும். வாசகர்கள் இதய இமோஜியாகப் போட்டுத் தள்ளினார்கள். ‘ஆன்டி ஹீரோ’ கதை என்று தேடிப் போனால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து விதைக்குக் கடலைக்காய் தொலித்துக்கொண்டிருந்தார். பார்வை மங்கிவிட்டது, ஆனால் விரலுக்கு எல்லாம் தெரியும். சூம்பிய பருப்பு ஒரு பக்கம் போகும், நல்லது முறத்தில் விழும். “என்னமோ கதை எழுதறயாமா, படி கண்ணு, கேப்போம்” என்றார். போனை எடுத்து மூன்று அத்தியாயம் படித்துக் காட்டினேன். அவன் அவளைத் தூக்கி வரும் இடத்தைக் கொஞ்சம் பெருமையாகவே படித்தேன்.

முடித்ததும் கேட்டார். “அந்தப் புள்ளய ஆராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“பின்னாடி அவளுக்கே புடிச்சுப்போயிரும் அம்மாயி.”

“புடிக்கறது வேற சாமி. போறதுன்னா போலாம்னு கதவு தொறந்திருக்கோணும். பொறவும் அவ இருக்கறான்னா, செரி.”

கொஞ்ச நேரம் ஓடு உடைகிற சத்தம் மட்டும். அப்புறம், முறத்தைப் பார்த்தபடியே, “என்னய ஆரும் கேக்கல. பதனாறு வயசு. உங்கப்புச்சி நல்ல மனுசன்தான். ஆனாலும் கேக்கல” என்றார்.

அன்று ராத்திரி பன்னிரண்டு அத்தியாயத்தையும் நீக்கினேன்.

பழைய கதை என்பதாலேயே எல்லாவற்றையும் அப்படியே எடுக்க முடியாது, இதையும் சொல்லிவிடுகிறேன். ‘தூங்கும் அழகி’யின் பழைய வடிவம் ஒன்று 1630-களில் இத்தாலியில் நேப்பிள்ஸில் அச்சானது, பசீலே என்பவர் எழுதியது. அதில் ராஜா முத்தம் கொடுத்து எழுப்புவதில்லை. தூங்குகிறவளிடம் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தை பெறுகிறாள். ஒரு குழந்தை பால் என்று நினைத்து விரலைச் சப்ப, அதில் ஏறியிருந்த சணல் சிம்பு வெளியே வந்து அவள் விழிக்கிறாள். இருட்டு வேண்டுமென்றால் இதுவும் இருட்டுதான். ஆனால் இதைக் காதல் என்று எழுத என் கை வராது. அந்தப் பெண் விழித்த பிறகு அவனிடம் கணக்குக் கேட்பதுபோல் யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

அடுத்து, இந்த மாதிரிக் கதைக்கு வெளிநாடு போகவே வேண்டாம். பஞ்சதந்திரத்தில் பாம்பைக் கட்டிக்கொண்ட பெண்ணின் கதை இருக்கிறது. பிராமணர் வீட்டில் பிள்ளையாக ஒரு பாம்பு பிறக்கிறது. பெற்றவள் அதை ஆசையாக வளர்க்கிறாள், பெண்ணும் பார்த்துக் கட்டி வைக்கிறார்கள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பாம்போடு குடித்தனம் நடத்துகிறாள். ஒருநாள் இரவு ஒரு வாலிபன் அவள் அறையில் வந்து நிற்கிறான். யாரோ அந்நியன் என்று பயந்து அவள் கதவைத் திறந்து ஓடப் பார்க்கிறாள். நான்தான் உன் புருஷன் என்று அவன் மறுபடி பாம்புச் சட்டைக்குள் நுழைந்து பாம்பாகிக் காட்டுகிறான். விடிந்ததும் அவன் அப்பா அந்தச் சட்டையை எடுத்து நெருப்பில் போட்டுவிடுகிறார்.

அவள் பாம்புக்குப் பயப்படவில்லை, மனிதனைக் கண்டுதான் ஓடினாள். இதை ஒரு அத்தியாயமாக விரித்தால் போதும், படிக்கிறவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.

நம் பக்கத்துச் சரக்கில் எனக்கு மிகவும் பிடித்தது கொல்லிப்பாவை. கொல்லிமலையில் தெய்வம் வடித்த பெண் உருவம் என்று சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பின்னால் வளர்ந்த கதை. நற்றிணை 201-ல் பரணர், காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாத பாவை என்கிறார். அதைச் சொல்பவன் காதலன். என்னால் அவளை மறக்க முடியாது, அவள் அந்தப் பாவையைப் போல என்று தோழனிடம் புலம்புகிறான். அணங்கு என்ற வருத்தும் தெய்வத்தையும் காதலியையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது. நாமக்கல் பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், அங்கே எட்டுக்கை அம்மன் கோயிலில் ஒருமுறை நின்று பாருங்கள். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கும்போது, இந்த மலையில் அப்படி ஒருத்தி இருந்தால் என்ன என்று மனசு தானாகவே கேட்கும்.

சரி, இடமாற்றத்துக்கு வருவோம். கப்பல் கவிழ்ந்த வியாபாரிக்குப் பதில் நான் வைத்தது ஈரோட்டு மஞ்சள் வியாபாரியை. 2010 வாக்கில் மஞ்சள் விலை தாறுமாறாக ஏறி, அடுத்த ஓரிரு வருஷத்தில் படுத்துவிட்டது. இன்னும் ஏறும் என்று கடன் வாங்கி மூட்டை மூட்டையாகக் கிடங்கில் அடுக்கியவர் கதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காட்டுப் பாதைக்கு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் அடைத்து நிற்க, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் காட்டில் வெள்வேல மரங்கள் குடை விரித்த மாதிரி நிற்கும். அமாவாசை இருட்டில் அதற்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன அசைந்தாலும் நம்மோடு கூடவே நடந்து வருவதுபோல் இருக்கும். இப்போது பெரும்பாலான இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன. அதனால்தான் ஒன்றையாவது எழுத்தில் முழுசாக வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, இரண்டு பக்கம் அதற்கே ஒதுக்கினேன்.

பூ மட்டும் எனக்குச் சிக்கலாக இருந்தது. ரோஜா ஒட்டவில்லை. உச்சி நேரத்தில் அந்த மரத்துக்குக் கீழே போகாதே, அந்தப் பூவைத் தொடாதே என்று நம் வீட்டில் சொல்வார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆள் இல்லாத வீட்டு வாசலில் ஒரு செண்பக மரம். பறிக்கக் கூடாது என்று தெரிந்தே, மகள் கேட்டாள் என்று அப்பா பறிக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கருப்பராயனையோ கன்னிமாரையோ காதல் கதைக்குள் இழுக்காதீர்கள். இன்றைக்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற சாமிகள் அவை. ஆவியை நீங்களே உண்டாக்குங்கள். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் புலிகுத்திக்கல் நிற்கிறது, புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். அந்தக் கல்லில் வீரனுக்குப் பெயர் உண்டு, கும்பிடு உண்டு. குத்துப்பட்ட புலிக்கு? என் மிருகம் அங்கிருந்துதான் வந்தது.

முடிவைப் பற்றியும் கேட்பீர்கள். மிருகம் அழகான இளவரசனாக மாறும் இடத்தில் எனக்கு எப்போதும் சப்பென்று ஆகிவிடும். அதைவிட போமோன் கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு தண்டனையைப் பாருங்கள். பொறாமை பிடித்த அக்காக்கள் இரண்டு பேரையும் தேவதை கல்லாக்கித் தங்கையின் மாளிகை வாசலில் நிறுத்துகிறாள். ஆனால் கல்லுக்குள்ளே அறிவு மட்டும் விழித்திருக்குமாம். தங்கை சந்தோஷமாக வாழ்வதை அவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு என்று எழுதிய கதை இது! இவ்வளவு இருட்டு உள்ளேயே இருக்கும்போது ரத்தம், சங்கிலி, இருட்டறை என்று வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டத் தேவையே இல்லை.

புதிதாக எழுதும் தொடரில் அவள் வீட்டுக்குள் வந்த முதல் இரவே அவன் வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிடுகிறான். தினமும் ராத்திரி தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறான். நேற்று எழுதியது நாற்பத்தோராவது இரவு. கதவு திறந்துதான் கிடக்கிறது, இட்டேரியில் நிலா அடிக்கிறது, அவள் தாழ்ப்பாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் அம்மாயி நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேட்கிறார், “அந்தப் புள்ள செரின்னாளா?”

இன்னும் இல்லை அம்மாயி.