ஆக்சிலரேட்டர் கேபிள் லூசானால் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் மாருதி 800 இருக்கிறது. கொஞ்ச நாளாக ஆக்சிலரேட்டரை ஒரு அங்குலம் மிதித்த பிறகுதான் இன்ஜின் அசைந்து கொடுக்கிறது. மேடு ஏறத் திணறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேபிளையும் த்ராட்டில் பாடியையும் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் பாகம்) சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டுத் தலையாட்டி விடாதீர்கள். நீங்கள் சொல்வது கேபிள் தொய்ந்துபோன வண்டியின் அடையாளம். முதல் அங்குலம் தொய்வை இழுப்பதிலேயே போய்விடுகிறது. அதனால் பெடல் தரையைத் தொட்டாலும் த்ராட்டில் முழுசாகத் திறக்காது. மேட்டில் திணறுவது அதனால்கூட இருக்கலாம். பெடலுக்குக் கீழே கால்மிதி சுருண்டு கிடந்தாலும் இதே கதைதான், முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். கேபிள் போய்ச் சேரும் இடத்தில், த்ராட்டிலைத் திருப்பும் ஓர் அரைச்சக்கரம் இருக்கும். அதற்குச் சற்று முன்னால், ஒரு தகட்டில், கேபிளின் மேலுறையை இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். உள்கம்பியை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். துணிக்கொடி மாதிரித் தொங்கினால் ஒரு நட்டைத் தளர்த்தி, மற்றதைத் திருகுங்கள். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம்: மேலுறை அரைச்சக்கரத்தை விட்டு விலகினால் தொய்வு குறையும். முடித்ததும் இரண்டு நட்டையும் இறுக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

ஆர்வத்தில் விறைப்பாக இழுத்துவிடாதீர்கள். துளி தொய்வும் இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் த்ராட்டில் மூடாது, வண்டி தானாக ரேஸ் ஆகும். லூசான கேபிளைவிட இது ஆபத்து. வீட்டில் ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த அரைச்சக்கரம் கடைசி வரை போக வேண்டும், விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும்.

சரி செய்த சில நாளில் மறுபடி லூசானால்? நட்டு சரியாக இறுகவில்லை, அல்லது உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. பெடல் பக்க முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை முடி மாதிரி துருத்தி நின்றாலும் கேபிளை மாற்றிவிட வேண்டியதுதான். என் பழைய வண்டியில் அப்படி ஒன்றைப் பார்த்தும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விட்டேன். ஒரு ராத்திரி நடுரோட்டில், காலடியில் பெடல் பொத்தென்று விழுந்தது.

புதுக் கேபிள் த்ராட்டில் பாடியோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. ஸ்பேர்ஸ் கடைக்குப் பழைய கேபிளையும் எடுத்துப் போய், நீளத்தையும் இரு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒர்க்‌ஷாப் த்ராட்டில் பாடிதான் என்று நின்றால், அதில் என்ன கோளாறு என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் பேசினால் எடுபடாது.

கேள்வி: என் புதுக் காரில் இந்தக் கேபிளைத் தேடினேன், காணோமே?

பதில்: இருக்காது. இப்போதைய கார்களில் பெடலில் ஒரு சென்சார், த்ராட்டிலில் ஒரு மோட்டார், நடுவில் வெறும் ஒயர்தான். அதில் ஸ்பேனருக்கு வேலையில்லை. கோளாறு என்றால் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.