குஸ்கோவின் கினிப்பன்றி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாட்டா வரைந்த ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். மேசை நடுவில் தட்டில் ஒரு கினிப்பன்றி! எல்லோரும் வேடிக்கையாகப் பகிர்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஸ்பெயினிடம் தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் கடவுளை அவர்கள் பாணியிலேயே நகலெடுத்து, தங்கள் ஊர்ப் பொருள் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதைப் போய்க் கலைப் பரிமாற்றம் என்று சொல்லலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் வருத்தம் நியாயமானது. போரையும் கொள்ளைநோயையும் மறைத்துவிட்டுப் பரிமாற்றம் பேசுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் ‘நகல்’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1539இல் மெக்சிகோவில் உருவான ‘புனித கிரகோரியின் திருப்பலி’ என்ற படத்தைப் பாருங்கள். ஆஸ்டெக் பேரரசின் தலைநகர் ஸ்பானியரிடம் விழுந்து 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆஸ்டெக் பேரரசர் மொக்டெசுமாவின் உறவினரும் நகரின் பூர்வகுடி ஆளுநருமான டியேகோ ஹுவனிட்சின், பிளாண்டர்ஸிலிருந்து வந்த துறவி பேத்ரோ தெ காந்தேயின் மேற்பார்வையில், போப் மூன்றாம் பவுலுக்காகச் செய்வித்தது. காட்சி அமைப்பு ஐரோப்பிய அச்சுப்படம் ஒன்றிலிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் அந்த அச்சுப்படம் வெறும் கறுப்புக் கோடுகள். இதுவோ ஏறக்குறைய முழுக்கப் பறவை இறகு!

அமன்டேக்கா எனப்படும் இறகுக் கைவினைஞர்கள் அதுவரை அரசர்களுக்கும் போர்வீரர்களுக்கும் அணிகளும் கேடயங்களும் செய்தவர்கள். சாயமேற்றிய சாதாரண இறகை அடியில் ஒட்டி, அதன்மேல் விலைமதிப்பற்ற இறகை வைப்பார்கள். பசை ஆர்க்கிட் கிழங்கிலிருந்து எடுத்தது. நாம் நகர்ந்தால் நிறமும் நகரும். அந்த மினுக்கம் அவர்களுக்குப் புனிதமானது. ஐரோப்பிய ஓவியன் எவனுக்கும் அந்த வித்தை தெரியாது. கோடு மட்டும்தான் கடன். ஒளி முழுக்க அவர்களுடையது. அந்தப் படம் பிரான்சில் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிழற்படத்தில் பாதிகூட வராது, கேமரா நகரும் காணொளியாகத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் குஸ்கோ. அங்கே ஸ்பானிய ஓவியர்களோடு சண்டை முற்றி, 1688இல் பூர்வகுடி ஓவியர்கள் தொழிற்சங்கத்தைவிட்டே பிரிந்தார்கள். பிறகு அவர்கள் பட்டறைகளில் தேவதூதர்கள் பிரபுக்களைப் போல உடுத்தித் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார்கள், உடைகளில் தங்க இழை மின்னுகிறது. சபாட்டா வரைந்தது 1753 வாக்கில். கினிப்பன்றி ஆண்டிஸ் மலைமக்களின் விருந்துணவு. மேசை நடுவில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒளித்து வைப்பவர் யாராவது நடுவில் வைப்பாரா?

சரி, ஐரோப்பா என்ன வாங்கிக்கொண்டது? 1520இல் பிரஸ்ஸல்ஸில் மெக்சிகோவின் பொன்னையும் இறகணிகளையும் பார்த்த ஜெர்மன் ஓவியர் டியூரர், வாழ்நாளில் இவ்வளவு மனம் மகிழ்ந்து எதையும் பார்த்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். பொற்கொல்லரின் மகன், வேலைப்பாடு தெரிந்தவர். ஆனால் அப்படி வந்த பொன்னில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள்.

உருக்க முடியாதது சிவப்பு. நம்மூர் சப்பாத்திக்கள்ளி இனத்துச் செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சாயம் அது. ஒரு பவுண்டு சேரச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். ஸ்பெயின் கட்டிக்காத்த இந்தத் தொழிலுக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னையில் கள்ளித் தோட்டமே போட்டுப் பார்த்தார்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ‘யூத மணமகள்’ ஓவியத்தில் அந்தப் பெண்ணின் உடைச் சிவப்பில் இந்தச் சாயம் இருக்கிறது. அந்தச் சிவப்பைப் புகழ்ந்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மெக்சிகோவின் வஹாக்காவில் கள்ளிச் செடியிலிருந்து பூச்சியைச் சுரண்டி எடுத்த குடும்பங்களை அதில் யார் நினைக்கிறார்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அன்புடன்.