தீவிரவாதத் தாக்குதல் இழப்புக்கான காப்பீட்டில் அரசு பங்கேற்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் கடைசி ஆளாக நின்றால் போதும்.

நான் ராமநாதபுரத்தில் பொதுக் காப்பீட்டு முகவர். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்தான் எனக்குப் பார்ட்டிகள் அதிகம். போன வருஷம் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி முதலாளி ரினீவல் தாளைப் புரட்டிவிட்டு, "ஏன் தம்பி, இங்க வந்து எவன் குண்டு வைக்கப் போறான்? இதுக்குத் தனியா ஒரு காசா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

புயலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நாமே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்; 1964 தனுஷ்கோடிக்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குண்டுக்கு அப்படிப் பருவம் கிடையாது. வராமலே இருக்கும், வந்தால் ஒரே கட்டடத்தில் பல நூறு கோடி போய்விடும். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டுக்காரர்கள் பயந்து ஒதுங்கியது அதனால்தான்.

இதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி பிடித்தது. அமெரிக்கா 2002 நவம்பரில் சட்டமே போட்டது. காப்பீட்டு நிறுவனம் தன் பங்கைத் தாங்கிய பிறகு, மிச்ச இழப்பில் இப்போது 80 சதவீதம் அரசுடையது. 2027 கடைசி வரை அந்த ஏற்பாடு ஓடும். பிரிட்டன் அதற்கும் முன்பே, லண்டன் குண்டுவெடிப்புகளைப் பார்த்து 1993இல் 'பூல் ரீ' என்ற பொது மறுகாப்பீட்டு நிதியைத் தொடங்கியது. அதன் கையிருப்பு தீர்ந்தால் அரசு கஜானா நிற்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் சேர்த்து அரசே நிதியம் வைத்திருக்கிறது. (அங்கே 'காப்புறுதி' என்பார்கள். நம் சொல்லைவிட அழுத்தமாகத்தான் இருக்கிறது.)

நம் நாட்டில் 2002 ஏப்ரலில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பூல் அமைத்தன. நடத்துவது ஜிஐசி ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம். பிரீமியத்தை அதில் போட்டு, இழப்பையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓர் இடத்துக்கு 200 கோடி ரூபாய் என்று தொடங்கிய வரம்பு இன்று 2,000 கோடி. ஜிஐசி ரீயில் அரசின் பங்குதான் பெரிது, ஆனாலும் பூலுக்குப் பின்னால் அரசு உத்தரவாதம் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் ஹோட்டல்கள் அடிபட்டபோதும் பூல் சாயவில்லை. ஆகவே முதல் ரூபாயிலிருந்து அரசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரே நேரத்தில் ஒரு துறைமுகமும் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் போனால் என்ன செய்வது? பூல் தாங்க முடியாத அந்த மிச்சத்துக்கு மட்டும் அரசு உத்தரவாதம் எழுதிக்கொடுக்கலாம், அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்ளலாம்.

சின்ன ஆட்களுக்கு ஒரு தகவல்: 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியிலும், 5 கோடி வரையான சிறுதொழில் பாலிசியிலும் தீவிரவாதம் உள்ளேயே இருக்கிறது. உயிரிழப்புக்கு மத்திய அரசின் 5 லட்ச ரூபாய் உதவித் திட்டம் உண்டு. அது உதவி, காப்பீடு அல்ல.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஐஸ் கம்பெனிக்காரர், "சரி, நம்ம போட்டை இலங்கை நேவி புடிச்சுட்டுப் போனா இதுல வருமா?" என்றார். வராது. சட்டப்படி அமைந்த எந்த அதிகாரமும் பறிமுதல் செய்தால் பணம் இல்லை என்று தீவிரவாத ஷரத்திலேயே இருக்கிறது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அதுக்கு ஒரு பூல் ஆரம்பிக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.