பாங்காக்கும் டோக்கியோவும் பங்காளிகளா?

கேள்வி: ஜப்பானும் தாய்லாந்தும் எந்த வெள்ளைக்கார நாட்டுக்கும் அடிமைப்படாதவை. இரண்டிலும் இன்றும் மன்னர் இருக்கிறார், புத்த மதம் இருக்கிறது, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள். நடுவே இவ்வளவு கடல் இருந்தும் எப்படி இத்தனை ஒற்றுமை? ஒரு காலத்தில் ஒரே இனமாக இருந்து பிரிந்தவர்களா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. தாய்லாந்து மக்கள் பேசும் மொழிக்கு உறவினர்கள் லாவோஸிலும் தென்சீனத்திலும் இருக்கிறார்கள். ஜப்பானிய மொழிக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தமே கிடையாது. செருப்பு விடுவதை வைத்து இனம் பிரிப்பதென்றால் கும்பகோணத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்.

புத்த மதத்தையும் அவ்வளவு எளிதாகக் கூட்டிவிட முடியாது. அதில் இரண்டு பெரிய பிரிவுகள். தாய்லாந்தில் இருப்பது இலங்கை வழி வந்த தேரவாதம். ஜப்பானுக்கு ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் போய்ச் சேர்ந்தது மகாயானம். பாங்காக்கில் காவி உடுத்தவர் பெண்ணைத் தொடக்கூடக் கூடாது. ஜப்பானிலோ 1872ல் அரசே துறவிகளுக்குத் திருமணத்தை அனுமதித்துவிட்டது, இன்று பல கோயில்கள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன. நீங்கள் பட்டியலில் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்: இரு நாட்டிலும் இந்தியத் தெய்வங்கள் குடியிருக்கின்றன. ஜப்பானில் சரஸ்வதிக்கு பென்சைத்தென் என்று பெயர், கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம். பாங்காக்கில் நான்முகன் நடுச்சாலையோரம் மாலைகளுக்குள் மூழ்கிக் கிடக்கிறார். ஆனால் ஜப்பானுக்கு இவர்கள் சீனம் வழியாகச் சுற்றிப் போனவர்கள். தாய்லாந்துக்கு நம் கடற்கரையிலிருந்தே வழி இருந்தது. அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை வரிகளை இன்னும் ஓதுகிறார்கள்.

சரி, அப்படியானால் ஒற்றுமையே இல்லையா? இருக்கிறது, நீங்கள் தேடாத இடத்தில். 1850களுக்கு வாருங்கள்.

1854ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கதவைத் திறக்க வைத்தன. 1855ல் பிரிட்டன் சயாமோடு (தாய்லாந்தின் அன்றைய பெயர்) பவுரிங் ஒப்பந்தம் போட்டது. 1856ல் டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கத் தூதர் ஜப்பானுக்குப் போகிற வழியில் பாங்காக்கில் இறங்கி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். 1858ல் ஜப்பானிலும் வாங்கினார். ஆள் ஒருவரே, நிபந்தனைகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. வெள்ளைக்காரர் குற்றம் செய்தால் அவர் நாட்டுத் தூதரே விசாரிப்பார், உள்ளூர் நீதிபதி அல்ல. இறக்குமதி வரியை நாடே தீர்மானிக்க முடியாது: சயாமுக்கு 3 சதவீதம், ஜப்பானுக்கு 1866 முதல் பெரும்பாலான சரக்குகளுக்கு 5 சதவீதம். கொடி மட்டும் சொந்தக் கொடி. 'அடிமைப்படாத நாடு' என்று நீங்கள் எழுதுவதன் உள்ளடக்கம் அன்று இதுதான்.

அப்புறம் நடந்தது இன்னும் விசித்திரம். 1868 தொடக்கத்தில் ஜப்பானில் ஷோகன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்து, பதினைந்து வயது மெய்ஜி பேரரசர் கைக்கு அதிகாரம் வந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு சயாமின் மன்னர் மோங்குட் சூரிய கிரகணம் பார்க்கப் போன இடத்தில் மலேரியா பிடித்து, அக்டோபரில் இறந்தார். அவர் மகன், பதினைந்து வயது சூலலங்கோர்ன், அரியணை ஏறினார். 1871ல் இவர் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் போய் ஐரோப்பியர் ஆளும் முறையைப் பார்த்துவந்தார், அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் வந்தார். அதே 1871ல் ஜப்பானின் மூத்த அமைச்சர்களே இவாகுரா என்பவர் தலைமையில் அமெரிக்கா, ஐரோப்பா என்று கிளம்பினார்கள். புதிய சட்டம், ரயில், அஞ்சல், பள்ளிக்கூடம், குறுநிலத் தலைவர்களின் அதிகாரத்தைப் பிடுங்கித் தலைநகரில் குவிப்பது – இரண்டு இடத்திலும் இதே வேலைத்திட்டம். இரண்டு பேரும் ஒரே நெருக்கடிக்கு விடை எழுதிக்கொண்டிருந்தார்கள். உறவு தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் விடைத்தாள்களின் மதிப்பெண் ஒன்றல்ல. சயாம் நிலம் கொடுத்துத் தலையைக் காப்பாற்றிக்கொண்டது. 1893ல் மேகோங்கின் கிழக்குக் கரை பிரான்சுக்கு, 1907ல் இன்றைய கம்போடியாவிலுள்ள பட்டாம்பாங்கும் சியம் ரீப்பும் பிரான்சுக்கு, 1909ல் இன்றைய மலேசியாவிலுள்ள கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு பிரிட்டனுக்கு. நடுவில் 1896ல் பிரிட்டனும் பிரான்சும் பாங்காக் இருக்கும் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில் கைவைப்பதில்லை என்று தமக்குள் பேசி முடித்ததும் உதவியது. தாய்லாந்து தப்பியதில் மன்னரின் சாமர்த்தியம் பாதி, இரண்டு திருடர்களுக்கு நடுவே ஒரு காலி மனை தேவைப்பட்டது பாதி என்பேன். ஜப்பானோ அதே ஆண்டுகளில் 1895ல் தைவானையும் 1910ல் கொரியாவையும் விழுங்கியது.

இதில் எனக்குப் பிடித்த, அல்லது பிடிக்காத, ஆண்டு 1898. வெள்ளைக்காரரின் தனி நீதிமன்ற உரிமை அநியாயம் என்று பல வருடம் போராடி, மறு ஆண்டே அதிலிருந்து விடுபடவிருந்த ஜப்பான், சயாமோடு ஒப்பந்தம் போட்டு அதே உரிமையைத் தன் குடிமக்களுக்கு வாங்கிக்கொண்டது! சயாம் நவீன சட்டங்களை எழுதி முடிக்கும்வரை என்று ஒரு சாக்கு. அந்தச் சட்டங்களை எழுத உதவியவர்களில் மசாவோ தோகிச்சி என்ற ஜப்பானியரும் ஒருவர். 1908ல் குற்றவியல் சட்டம் வந்தது.

மீதிக் கதை நம்மவர்களுக்கே தெரியும். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை தாய்லாந்தில் இறங்கியது. சில மணி நேரச் சண்டை, பிறகு வழிவிட்டார்கள். 21ஆம் தேதி மரகத புத்தர் கோயிலிலேயே கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. உங்கள் பட்டியலில் உள்ள புத்த மதம் அன்று சாட்சியாகப் பயன்பட்டது. அந்தக் கூட்டணியின் கீழ் போடப்பட்டதுதான் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போன 415 கி.மீ. ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதற்கு அழைத்துப் போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே செத்தார்கள்.