பஸ்பாரிலிருந்து பிரியும் மெல்லிய ஒயர்

கேள்வி: எங்கள் தொழிற்சாலை மெயின் சுவிட்ச்போர்டில் இண்டிகேட்டர் விளக்குகளுக்காக 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை பஸ்பாரிலிருந்து (போர்டுக்குள் மின்சாரத்தைப் பகிரும் தடித்த உலோகப் பட்டை) நேராக எடுத்து, கதவருகே 6 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது தானாகத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) வைத்திருக்கிறோம். அதில் 6000 என்று அச்சிடப்பட்டுள்ளது. போர்டில் 25 கிலோஆம்பியர் வரை ஷார்ட் சர்க்கியூட் வரக்கூடும் என்பதால் எச்ஆர்சி ஃபியூஸ் (மிகப் பெரிய மின்னோட்டத்தையும் பத்திரமாகத் துண்டிக்கும் ஃபியூஸ்) வேண்டும் என்கிறார் சோதிக்க வந்தவர். விளக்குகளுக்கு மிகச் சொற்ப மின்னோட்டமே தேவை. எம்சிபி போதாதா?
— ஒரு வாசகர், துவாஸ்

பதில்: போதாது. ஷார்ட் சர்க்கியூட்டில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை விளக்கு தீர்மானிப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் இடையிலுள்ள கேபிளின் தடையுமே தீர்மானிக்கின்றன.

பிவிசி உறையிட்ட செம்பு ஒயர் வழக்கமான 70 டிகிரியிலிருந்து 160 டிகிரிக்குச் சூடாகும்வரைதான் ஷார்ட் சர்க்கியூட்டைத் தாங்கும். 10 மில்லிவினாடிக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அரைச் சுற்றுக்கு, உங்கள் ஒயர் தாங்குவது ஏறத்தாழ 1,700 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அதே நேரத்துக்கு 25,000 ஆம்பியர் பாய்ந்தால் ஒயரின் தாங்குதிறனைப் போல் 200 மடங்குக்கும் மேலான வெப்பம் உண்டாகும். எம்சிபியில் உள்ள 6000 என்ற எண், 6 கிலோஆம்பியர் வரை மட்டுமே அது பத்திரமாகத் துண்டிக்கும் என்பதைக் குறிக்கிறது. அதற்கு மேல் அதுவே வெடித்துவிடலாம்.

எச்ஆர்சி ஃபியூஸில் மணலுக்குள் புதைந்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டை, இவ்வளவு பெரிய மின்னோட்டம் முதல் உச்சத்தைத் தொடும் முன்பே உருகிவிடுகிறது. இதனால் ஒயருக்குள் செல்லும் வெப்பம் அது தாங்கக்கூடியதில் மிகச் சிறிய பங்காகவே இருக்கும். விளக்குச் சுற்றுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம்.

ஆனால் ஃபியூஸைக் கதவருகே வைத்தால் பெரிய பயனில்லை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 12 மில்லிஓம் என்பதால், 10 மீட்டர் தள்ளி ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டால் 230 வோல்ட்டில் 1,000 ஆம்பியர்கூட வராது. அதை ஒயர் தாங்கிக்கொள்ளும். ஆபத்தெல்லாம் பஸ்பாரை ஒட்டிய முதல் சில மீட்டர்களில்தான். ஆகவே ஒயர் பிரியும் இடத்திலேயே ஃபியூஸ் அமைய வேண்டும். ஃபியூஸுக்கு முன்னுள்ள துண்டு 3 மீட்டருக்கு மேல் போகலாகாது என்பது விதி. நீங்கள் ஒரு சாணுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அந்தத் துண்டு உலோக விளிம்பில் உரசாமலும், எரியக்கூடிய பொருளை ஒட்டாமலும், தனிக் குழாய்க்குள் செல்லட்டும்.

இந்த மாற்றத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரிகல் வொர்க்கர் ஒருவர் போர்டை முழுவதுமாக அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஃபியூஸ் போனால் கண்ணாடி ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ அங்கே மாட்டாதீர்கள். 2 ஆம்பியர் எச்ஆர்சி ஃபியூஸ்கள் சிலவற்றைப் போர்டறையிலேயே வைத்திருங்கள்.